மூங்கிலாற்றங்கரையின் மதகுகள்

கழியும் கானலும் கடலும் சேர்ந்த நிலத்தை நெய்தல் என்று பெயரிட்டு, அதனை வாழ்க்கையின் ஒரு கூறாகவே போற்றியவர்கள் பண்டைத் தமிழர்கள். ஆறு கடலைத் தொடுமிடத்தில் பரந்து கிடக்கும் உப்பங்கழியை அவர்கள் பாழ்நிலம் என்று ஒதுக்கவில்லை. அங்கே மேயும் நாரையையும், சேற்றில் வளை தோண்டும் நண்டையும், உவர்நீரில் வேர் பரப்பி நிற்கும் கண்டல் மரத்தையும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். ஆனால், நகரங்கள் பெருகத் தொடங்கிய பிற்காலத்தில் மனிதரின் பார்வை மாறிவிட்டது. கழிநிலம் என்றால் சேறு. சேறு என்றால் கொசு. கொசு என்றால் காய்ச்சல். ஆகவே தூர்த்து மேடாக்கினாலன்றி அந்நிலத்தால் பயனில்லை என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியது.

இந்த எண்ணம் பிற நாடுகளைக் காட்டிலும் சிங்கப்பூரில் வலுப்பெற்றதில் வியப்பில்லை. ஒரு நகரமே ஒரு நாடாக அமைந்த தீவு அது. ஒவ்வோர் அடி நிலத்துக்கும் வீடு, தொழிற்சாலை, துறைமுகம், நீர்த்தேக்கம், படைப்பயிற்சி என்று பல உரிமையாளர்கள் காத்திருப்பர். அத்தகைய நகரில், வடமேற்குக் கரையோரத்துச் சேற்றுநிலம் ஒன்று தூர்க்கப்படாமல் தப்பியது. தப்பியது மட்டுமின்றிச் சட்டத்தின் காவலையும் பெற்றது. சுங்கை பூலோ என்பது அதன் பெயர். மலாய் மொழியில் அதற்கு மூங்கிலாறு என்று பொருள். அந்நிலம் காக்கப்பட்ட வரலாறு, ஆட்சியாளரும் குடிமக்களும் ஒரு நிலத்துக்குக் கூட்டுக் காவலர்களாக எவ்வாறு ஆகக்கூடும் என்பதை விளக்கும் வரலாறாகும்.

தீவும் அதன் சேற்று நிலமும்

1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தபோது, அத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு கண்டல் காடாக இருந்தது என்று அறிஞர்கள் கணித்துள்ளனர். ஆற்று முகத்துவாரங்கள் யாவும் அக்காடுகளால் சூழப்பட்டிருந்தன. இன்று எஞ்சியிருப்பதோ நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவை எங்கே போயின என்று கேட்டால், அதற்குரிய விடை ஒன்றல்ல.

முதலில் விறகுக்காகவும் கரிக்காகவும் மரங்கள் வெட்டப்பட்டன. பின்னர் இறால் வளர்ப்புக்காகக் கழிகள் கரை கட்டித் தடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் நிலமீட்புப் பணிகள் கடற்கரையின் வடிவத்தையே மாற்றின. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, இன்று 730 சதுர கிலோமீட்டரைக் கடந்து நிற்கிறது. அவ்வாறு வளர்ந்த நிலத்தின் அடியில் பழைய கரைகளும் சேற்றுத் திட்டுகளும் புதையுண்டு கிடக்கின்றன.

இவற்றோடு நீர்த்தேவையும் சேர்ந்துகொண்டது. குடிநீருக்கு அண்டை நாட்டை நம்பியிருந்த தீவு, தன் ஆறுகளையே நீர்த்தேக்கங்களாக மாற்ற முனைந்தது. 1975ஆம் ஆண்டில் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை எழுந்தது. 1981இல் தெங்கே, போயான், முராய், சரிம்புன் ஆகிய மேற்குக்கரை ஆறுகளும் அணைகளுக்குள் அடங்கின. உவர்நீர் நன்னீராக மாறவே, அலையை நம்பி வாழ்ந்த கண்டல் மரங்கள் அவ்விடங்களில் அழிந்தன.

இச்செயல்களை இன்று எளிதாகக் குறைகூறிவிடலாம். ஆனால், வரலாற்றை நேர்மையாக நோக்குபவர் ஒன்றை மறக்கலாகாது. தாகத்துக்கு நீரும், குடிசைவாழ் மக்களுக்கு வீடும், இளைஞர்க்கு வேலையும் தேடிய ஓர் அரசின் செயல்கள் அவை. தீய நோக்கத்தால் அழிந்த காடுகள் அல்ல அவை. நல்ல நோக்கத்தால் அழிந்த காடுகள். சிக்கலின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. தீமையை எதிர்ப்பது எளிது. ஒரு நன்மையை மற்றொரு நன்மைக்கு எதிரே நிறுத்தி எடை போடுவதுதான் கடினம்.

இறால் குளமும் மதகும்

கிராஞ்சி அணைக்கு மேற்கே, ஜொகூர் நீரிணையை நோக்கிய கரையில் சுங்கை பூலோ ஆறு கடலில் கலக்கிறது. எதிர்க்கரையில் ஜொகூர் தெரியும். 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜப்பானியப் படைகள் நீரிணையைக் கடந்து கரையேறிய வடமேற்குக் கடற்கரைப் பகுதி இதுவே. போர் முடிந்ததும் அக்கரை மீண்டும் அமைதியில் ஆழ்ந்தது. சிற்றூர் மக்கள் அங்கே தோட்டம் போட்டனர். பன்றியும் கோழியும் வளர்த்தனர். கழியில் இறால் பிடித்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதலே சிங்கப்பூர்க் கழிகளில் இறால் குளங்கள் அமைக்கப்பட்டு வந்தன. அவற்றை அமைத்தோர் பெரும்பாலும் சீனக் குடியானவர்கள். கண்டல் மரங்களை நீக்கி, சேற்றை வெட்டி எடுத்து, சுற்றிலும் கரை போட்டு, கடல் பக்கத்தில் ஒரு மதகு வைப்பார்கள். அந்த மதகுதான் குளத்தின் உயிர். கடல் ஏறும்போது மதகுப் பலகையைத் தூக்குவார்கள். ஏற்றத்து நீரோடு கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் உள்ளே வரும். நீர் நிறைந்ததும் பலகையை இறக்கிவிடுவார்கள். விதைப்பும் இல்லை, தீனிச் செலவும் இல்லை. கடலே விதைத்துக் கடலே ஊட்டும் வேளாண்மை அது. இறால் வளர்ந்தபின், இருள் சூழ்ந்த இரவில் கடல் வற்றும் நேரம் பார்த்து, மதகின் வாயில் நீண்ட பை வலையைக் கட்டிப் பலகையைத் தூக்குவார்கள். வெளியேறும் நீரோடு இறாலும் வந்து வலையில் விழும்.

இவ்வேளாண்மைக்கு நிலவின் நாட்கணக்கும் அலையின் நேரக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தறியாத முதியவர்களும் அக்கணக்கில் பிழை செய்யமாட்டார்கள். அவர்கள் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. ஆயினும், பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அடித்தளம் இட்டவர்கள் அவர்களே. அவர்கள் தோண்டிய குளமும் எழுப்பிய கரையும் வைத்த மதகும் இல்லையெனில், சுங்கை பூலோவின் பிற்கால வரலாறே இல்லை.

1980ஆம் ஆண்டுகளில் காலம் மாறியது. பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடுவதென்று 1984இல் அரசு முடிவு செய்தது. சிற்றூர்கள் கலைந்தன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். சுங்கை பூலோ வட்டாரம் நவீன வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆளில்லாத குளங்களில் மதகுப் பலகைகள் இற்றுப்போயின. அலை தன் விருப்பம்போல் வந்து போயிற்று. சில குளங்கள் வற்றிச் சேறாயின. சிலவற்றில் கண்டல் கன்றுகள் மீண்டும் தலைதூக்கின. மனிதர் விட்டுச்சென்ற அந்த இடைவெளியில் பறவைகள் குடிபுகுந்தன.

பறவை நோக்கியோர் கண்டது

1986ஆம் ஆண்டில், மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த சில பறவை ஆர்வலர்கள் அக்குளக்கரைகளில் நடந்தனர். அவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் ஹேல். வங்கிப் பணியில் இருந்தவர். இன்னொருவர் சுபராஜ் ராஜதுரை. அந்நாளில் இருபது வயதுகளில் இருந்த தமிழ் இளைஞர். பின்னாளில் சிங்கப்பூரின் காட்டுயிர் பற்றி நடமாடும் களஞ்சியம் என்று பலராலும் மதிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டில் மறைந்தார். பறவை நோக்குவதையே வாழ்நாள் தவமாகக் கொண்டவர் அவர்.

அவர்கள் கண்ட காட்சி இதுவே: வட ஆசியாவின் குளிரிலிருந்து தப்பித் தெற்கே ஆஸ்திரேலியா வரை செல்லும் கரைப்பறவைகள், அக்குளங்களில் பெருங்கூட்டமாக இறங்கி இளைப்பாறிக்கொண்டிருந்தன. பவளம்போன்ற சிவந்த கால்களையுடைய பவளக்காலிகள், பொன்னிறப் புள்ளிகளையுடைய உப்புக்கொத்திகள், வளைந்த அலகையுடைய கோட்டான்கள் எனப் பலவகைப் பறவைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே தங்கின.

அவை அவ்விடத்தைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. கரைப்பறவைகள் கடல் வற்றும்போது திறந்த சேற்றுத் திட்டுகளில் புழுவும் சிப்பியும் நண்டும் தேடி உண்ணும். கிராஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மண்டாய்ச் சேற்றுத் திட்டு அவற்றுக்கு உணவுக்கூடம். ஆனால், கடல் ஏறும்போது அத்திட்டு நீரில் மூழ்கிவிடும். நீந்தி வாழாத அப்பறவைகளுக்கு அப்போது கால் ஊன்றி நிற்க ஓரிடம் வேண்டும். அவ்விடம் திறந்தவெளியாக இருக்கவேண்டும். பகை வருவது தொலைவிலேயே தெரியவேண்டும். நீர் குறைந்த இறால் குளங்களும் அவற்றின் கரைகளும் இத்தேவைக்கு முற்றிலும் ஏற்றவையாக அமைந்தன. உணவுக்கு மண்டாய், உறைவிடத்துக்குச் சுங்கை பூலோ என்று இரண்டிடங்களும் ஒரே குடும்பத்தின் அடுக்களையும் கூடமும்போல் ஆகியிருந்தன.

அவ்வார்வலர்கள் வியந்து நின்றதோடு வீடு திரும்பிவிடவில்லை. பறவைகளை எண்ணினர், நாள்வாரியாகக் குறித்தனர். 1987ஆம் ஆண்டில், சுங்கை பூலோவை இயற்கைக் காப்பிடமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அறிக்கையாக உருப்பெற்று அரசின் பார்வைக்குச் சென்றது. அது முழக்கம் அன்று, முறையீடும் அன்று. எத்தகைய நிலம், எத்தனை உயிர்கள், எவ்வாறு காக்கலாம், மக்களுக்கு என்ன பயன் என்று சான்றுகளோடு எடுத்துரைத்த ஆவணம். மண்ணை நேசித்தோர் மண்ணைப் படித்தவர்களாகவும் இருந்தது அவர்களின் வலிமை.

அரசு செவிசாய்த்தது

அக்காலத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். வீடமைப்பும் நிலத்திட்டமும் அவருடைய அமைச்சின் பொறுப்பில் இருந்தன. வேளாண் பூங்காவுக்கென்று முன்னரே ஒதுக்கிவிட்ட நிலத்தை விட்டுக்கொடுப்பது எந்த நிர்வாகத்துக்கும் எளிதன்று. ஆயினும், கோரிக்கை ஏற்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில், 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக முறைப்படி அறிவிக்கப்பட்டது.

இந்த முடிவின் சிறப்பை உணர, சிங்கப்பூரின் நிர்வாக அமைப்பைச் சற்று நினைவுகூர வேண்டும். பிற நாடுகளில் நகராட்சி வேறு, நடுவண் அரசு வேறு. குடிமக்களின் குரல் நகர மன்றத்தில் எடுபடாவிடில், மேலே முறையிட இன்னொரு வாயில் உண்டு. சிங்கப்பூரிலோ 1959ஆம் ஆண்டில் மாநகர மன்றம் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் அரசின் துறைகளோடு இணைந்தன. தெருவிளக்கை ஏற்றுவோரும் நாட்டை ஆள்வோரும் ஒருவரே. அங்கே நிலம் பற்றிய ஒரு முடிவை மாற்ற வேண்டுமாயின், முடிவெடுத்தவர்களையே சான்றுகாட்டி இணங்க வைப்பதன்றி வேறு வழியில்லை. சுங்கை பூலோவில் நிகழ்ந்தது அதுதான்.

பூங்காவை உருவாக்கும் பொறுப்பு, பூங்கா பொழுதுபோக்குத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. மரம் நட்டுத் தெருவை அழகுபடுத்துவதில் தேர்ந்த துறை அது. ஆனால், சேற்றைச் சேறாகவே வைத்துப் பேணும் கலை அதற்குப் புதிது. ஆகவே இயற்கைச் சங்கத்தாரின் துணை நாடப்பட்டது. பிரித்தானியாவின் நீர்ப்பறவை ஈரநில அறக்கட்டளையும் உலக இயற்கை நிதியமும் அறிவுரை வழங்கின. மரப்பாலங்களும் பறவைகளுக்குத் தெரியாமல் மறைந்திருந்து நோக்கும் குடில்களும் எழுந்தன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பிரதமர் கோ சோக் டோங் பூங்காவைத் திறந்து வைத்தார். 1994ஆம் ஆண்டிலேயே வருகையாளர் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியது. சேற்றைப் பார்க்க யார் வருவார் என்று ஐயுற்றவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

மதகுக்குப் புதிய வேலை

இயற்கையைக் காப்பது என்றால், வேலி போட்டு அப்படியே விட்டுவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். சுங்கை பூலோ அவ்வெண்ணம் பிழை என்று காட்டியது. கைவிடப்பட்ட இறால் குளத்தை அப்படியே விட்டால், சில ஆண்டுகளில் கண்டல் மரங்கள் அதனை முழுதும் மூடிவிடும். அது காட்டுக்கு நன்மை. ஆனால், திறந்த சேற்றை நாடிவரும் கரைப்பறவைக்குத் தீமை. நீர் நிரம்பி நின்றாலோ, பறவைக்குக் கால் ஊன்ற இடமில்லை. ஆகவே குளங்களில் நீர்மட்டத்தைக் கவனித்து ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

அதற்காகப் பழைய மதகுகள் சீர்செய்யப்பட்டன. வலசைக் காலத்தில், கடல் ஏறும்போது பறவைகள் வந்து நிற்பதற்காகக் குளத்தின் நீர் வடித்து விடப்படுகிறது. பிற குளங்களில் அலை வந்துபோக வழிவிடப்படுகிறது. அளவுமீறி வளரும் செடிகள் அகற்றப்படுகின்றன. ஒரு காலத்தில் இறாலை உள்ளே வைத்து அடைக்கப் பயன்பட்ட மதகு, பிற்காலத்தில் பறவைக்கு இடம்விடப் பயன்பட்டது. பலகையைத் தூக்கும் கை மாறியது. அலையின் கணக்கு மாறவில்லை. கழிநிலத்தை அழித்துக் குளம் தோண்டிய குடியானவரின் அறிவே, அந்நிலத்தைக் காக்கவந்த அதிகாரிக்கும் தேவைப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1990ஆம் ஆண்டு முதல் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் பணி நடைபெறுகிறது. ஒரே பறவை ஆண்டுதோறும் அதே குளத்துக்குத் திரும்புவதை அவ்வளையங்கள் காட்டின. பின்னர்ச் செயற்கைக்கோள் வழி தொடரும் சிறு கருவிகள் பறவைகளின் முதுகில் பொருத்தப்பட்டன. சில பவளக்காலிகள் இமயத்தைக் கடந்து திபெத்தியப் பீடபூமி வரை சென்றதை அக்கருவிகள் அறிவித்தன. கிராஞ்சியில் ஒருவர் தூக்கும் மதகுப் பலகைக்கும் இமயத்துக்கு அப்பால் முட்டையிடும் ஒரு பறவைக்கும் உறவு உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று.

தொண்டர்களின் பங்கு

பூங்கா திறந்ததோடு மக்களின் பணி முடிந்துவிடவில்லை; உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. சிங்கப்பூர்க் கிளையாக இருந்த இயற்கைச் சங்கம் 1991இல் தனிச் சங்கமாயிற்று. அதன் உறுப்பினர்களும், அதனைச் சாராத பொதுமக்களும், ஆசிரியர்களும், மாணவர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். வாரக் கடைசியில் பிறர் கடைத்தெருவுக்குச் செல்லும் வேளையில், இவர்கள் காலணியில் சேறு படியச் சிறுவர்களை அழைத்துச் சென்று, சேற்றில் தத்தித் திரியும் மீனையும், மண்ணைக் குவித்து மேடு கட்டும் சேற்றிறாலையும், மரக்கிளையில் வெயில் காயும் உடும்பையும் காட்டினர். 1997ஆம் ஆண்டில், ஒரு வங்கியின் ஆதரவில் சுங்கை பூலோ கல்வி நிதி தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிலரங்குகள் பெருகின.

இத்தொண்டின் பயன் எண்ணிக்கையில் அளக்கத்தக்கதன்று. அடுக்குமாடி வீட்டில் பிறந்து, சிமெண்டுத் தரையில் நடைபழகிய பிள்ளை, ஆற்றின் வாயில் கடல் ஏறி இறங்குவதை முதன்முதலாகக் காண்கிறது. அது வளர்ந்து பொறியாளராகவோ அதிகாரியாகவோ ஆகும்போது, வரைபடத்தில் நீலமும் பச்சையும் சேருமிடம் வெறும் காலிமனை அன்று என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.

அரசின் மனப்பாங்கும் மெல்ல மாறியது. 1992ஆம் ஆண்டின் பசுமைத் திட்டம், நிலப்பரப்பில் 5 விழுக்காட்டை இயற்கைக்கென்று ஒதுக்க வேண்டும் என்றது. 2002ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சுங்கை பூலோ 130 ஹெக்டராக விரிவுபெற்று, சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பூங்கா என்ற நிலையில் அதற்கிருந்தது நிர்வாகத்தின் நல்லெண்ணம். காப்பகம் என்ற நிலையில் கிடைத்தது சட்டத்தின் காவல். 2003ஆம் ஆண்டில் அது ஆசியான் மரபுடைமைப் பூங்காக்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

செக் ஜாவா எழுப்பிய கேள்வி

சுங்கை பூலோ சட்டப் பாதுகாப்பைப் பெறவிருந்த அதே வேளையில், தீவின் மறுகோடியில் இன்னொரு சோதனை எழுந்தது. சிங்கப்பூருக்கு வடகிழக்கே உள்ள பூலாவ் ஊபின் தீவின் கீழைக்கோடியில் செக் ஜாவா என்னும் கடற்கரை உண்டு. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதைவுத் திட்டு, கண்டல் காடு, கரையோரக் காடு ஆகியவை ஏறத்தாழ 100 ஹெக்டர் பரப்பில் அடுத்தடுத்து அமைந்த அரிய இடம் அது. ஆனால், அதன் அருமை பலருக்குத் தெரியாமலே, நிலமீட்புக்கென்று அது திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் பணி தொடங்கவிருந்தது.

2000ஆம் ஆண்டு டிசம்பரில், தாவரவியலாளர் ஜோசப் லாய் அங்கே சென்று அதன் வளத்தைக் கண்டு பிறருக்கு உரைத்தார். செய்தி பரவியது. கடல் வற்றிய நேரம் பார்த்து மக்கள் திரள் திரளாகச் சென்றனர். கடல் நட்சத்திரத்தையும் கடலட்டையையும் பிள்ளைகள் முதன்முறையாகத் தம் காலடியிலேயே கண்டனர். ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தோரும் தொண்டர்களும் அங்கிருந்த உயிரினங்களை முறையாகக் கணக்கெடுத்தனர். நிலமீட்பு உறுதி என்று எண்ணியே, அழியுமுன் பதிவு செய்வோம் என்ற துயரத்தோடு அப்பணியில் இறங்கியவர்கள் பலர். அவர்கள் திரட்டிய சான்றுகளும் மக்கள் எழுதிய கடிதங்களும் அரசைச் சென்றடைந்தன.

2001 டிசம்பரில், தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பாவ் டான் நிலமீட்புப் பணி ஒத்திவைக்கப்படும் என்று தெரிவித்தார். 2002 ஜனவரியில் அது முறைப்படி அறிவிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஜூலையில், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலான நீளமுள்ள நடைபாலம் அங்கே மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

எனினும், அவ்வறிவிப்பின் சொற்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். பூலாவ் ஊபின் வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாதவரை நிலமீட்பு ஒத்திவைக்கப்படும் என்பதே அதன் சாரம். அது விடுதலை அன்று, தவணை. சுங்கை பூலோவுக்குக் கிடைத்த சட்டக் காவலுக்கும் செக் ஜாவாவுக்குக் கிடைத்த தவணைக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. தவணையில் வாழும் நிலத்துக்கு மக்களின் அன்பே முதற்காவல். அந்த அன்பு தளர்ந்தால் தவணையும் முடிந்துவிடக்கூடும்.

எல்லை அறியா நீர்

ஒரு நகரம் தன் எல்லைக்குள் எவ்வளவு முயன்றாலும், கழிநிலத்தை அதனால் மட்டும் காத்துவிட இயலாது என்பதையும் செக் ஜாவா உணர்த்தியது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜொகூரில் பெருமழை கொட்டியது. ஆற்று வெள்ளம் நீரிணையில் பாய்ந்து கடல்நீரின் உப்பைக் குறைத்தது. உவர்நீரில் வாழப் பழகிய கடல் நட்சத்திரங்களும் பஞ்சுயிர்களும் பெருவாரியாக மடிந்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல அவை மீண்டும் தலையெடுத்ததைத் தொண்டர்கள் பொறுமையோடு பதிவு செய்தனர்.

நீரிணையின் மறுபுறத்திலும் இத்தகைய முயற்சிகள் நடைபெறாமலில்லை. சிலாங்கூர் மாநில அரசும் மலாயா இயற்கைச் சங்கமும் இணைந்து, 1987ஆம் ஆண்டில் புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை உருவாக்கின. சுங்கை பூலோவுக்கான கோரிக்கை எழுந்த ஆண்டும் அதுவே. பேராக்கில் மாத்தாங் கண்டல் காடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே, வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்த்து, சுழற்சி முறையில் பேணப்பட்டு வருகின்றன. ஒரே வலசைப் பாதையில் பறக்கும் பறவைக்கு இவை யாவும் ஒரே நெடுஞ்சாலையின் சத்திரங்கள்.

சிங்கப்பூரில் காவலின் எல்லையும் விரிந்து வருகிறது. 2008ஆம் ஆண்டில் இயற்கைச் சங்கம் கிராஞ்சி நன்னீர்ச் சதுப்பைப் பேணும் பொறுப்பை ஏற்றது. 56.8 ஹெக்டர் பரப்புள்ள அச்சதுப்பு 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கரைப்பறவைகளின் உணவுக்கூடமாகிய மண்டாய்ச் சேற்றுத் திட்டும் கண்டல் காடும், 72.8 ஹெக்டர் பரப்பில் இயற்கைப் பூங்காவாகும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில், இவற்றையெல்லாம் ஒன்றிணைத்து 400 ஹெக்டருக்கும் மேற்பட்ட சுங்கை பூலோ இயற்கைப் பூங்காப் பிணைப்பு அமையும் என்ற அறிவிப்பும் வந்தது. 1986இல் சிலர் குளக்கரையில் நின்று கண்ட உண்மை, உணவுக்கூடமும் உறைவிடமும் பிரிக்கமுடியாதவை என்னும் உண்மை, அரசுத் திட்டமாக ஏற்கப்பட முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வரலாறு கூறும் பாடம்

சுங்கை பூலோவின் வரலாற்றில் வீரர் என்று தனியே ஒருவரைச் சுட்ட இயலாது. குளம் வெட்டிய குடியானவர் தம் வயிற்றுப்பாட்டுக்காக வெட்டினார். பறவை நோக்கியவர் தம் ஆர்வத்தால் அங்கே சென்றார். அமைச்சரும் அதிகாரியும் தம் கடமைக்கு நடுவே ஒரு கோரிக்கையைப் படித்தனர். தொண்டர் தம் ஓய்வுநாளைக் கொடுத்தார். இவர்களுள் எவரேனும் ஒருவர் தம் பங்கைச் செய்யாது போயிருப்பின், அக்கரையில் இன்று வேறேதேனும் எழுந்திருக்கும்.

மேலும் ஒன்று. அழிந்த காடுகளுக்காக இரங்கியோர் சிங்கப்பூரில் அதற்கு முன்னும் இருந்தனர். ஆனால், இரக்கம் மட்டும் ஒரு நிலத்தையும் காக்கவில்லை. எண்ணிக் குறித்த பட்டியலும், ஆய்ந்து எழுதிய அறிக்கையும், ஆண்டுதோறும் தவறாது செய்த பணியுமே காத்தன. ஆட்சியாளரிடம் செல்லும் குடிமகன் கையில் சான்று இருக்க வேண்டும். சான்றோடு வருபவரைக் கேட்கும் செவி ஆட்சியாளருக்கு இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்த்த இடத்தில் சேறும் செல்வமாயிற்று.

ஆண்டுதோறும் வலசைக் காலம் தொடங்கும்போது, வடதிசையிலிருந்து முதற் பவளக்காலி கிராஞ்சிக் கரைக்கு வந்து சேர்கிறது. கடல் ஏறத் தொடங்குகிறது. மண்டாய்ச் சேறு மறைகிறது. பறவை எழுந்து குளத்தை நோக்கிப் பறக்கிறது. அது வந்து சேரும் நேரத்தில் குளத்து நீர் வடிந்திருக்க வேண்டும். அதற்கு யாரேனும் ஒருவர், அலையின் கணக்கைப் பார்த்து, உரிய வேளையில் மதகைத் திறந்திருக்க வேண்டும். அக்கடமையை மறவாத கைகள் தலைமுறைதோறும் இருக்குமாயின் மூங்கிலாற்றங்கரை வாழும்.